கதவருகே எத்தனை நொடி காத்திருப்பது?

13,500 அடி உயரத்தில், பாராசூட்டோடு குதிக்கும் ஸ்கைடைவர்களின் விமானம். கதவு திறந்திருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது, முதல் குழு குதித்துவிட்டது. அடுத்த குழு எத்தனை நொடி கழித்துக் குதிக்க வேண்டும்? ட்வின் ஆட்டர் என்ற சிறு விமானத்தில் 22 பேர் ஏறினால் இந்தக் கேள்வி ஐந்தாறு முறை வரும். விடை தப்பினால், திறந்த பாராசூட்டின் மேல் இன்னொருவர் மணிக்கு 120 மைல் வேகத்தில் வந்து விழலாம். அப்படி மோதினால் இருவருமே பிழைக்காமல் போகலாம். அதனால்தான் இந்த நொடிக்கணக்கை ஒவ்வொரு ஸ்கைடைவரும் தானே போடத் தெரிந்திருக்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். முன்னால் நிற்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடக் கூடாது.

முதலில் ஒரு பழைய பழக்கத்தை ஒழிக்க வேண்டும். முன்னே குதித்தவர்களைக் கதவிலிருந்து பார்த்துக்கொண்டே இருங்கள், அவர்கள் பின்பக்கமாக 45 டிகிரி கோணத்துக்குப் போனதும் நீங்கள் குதிக்கலாம் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்தவரும் ஸ்கைடைவருமான ஜான் கேலெண்ட் இது தவறு என்று கணக்குப் போட்டுக் காட்டிப் பல வருடங்கள் ஆகின்றன. இன்னமும் சில டிராப் ஸோன்களில் (ஸ்கைடைவிங் களங்களில்) இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஏன் தவறு? நீங்களே போட்டுப் பார்க்கலாம். குதிக்கும் நேரத்தில் விமானத்தின் வேகமானி சுமார் 85 நாட் காட்டும் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). குப்புற விழுகிறவரின் நிலையான வேகம் மணிக்கு 120 மைல், அதாவது 104 நாட். விமானத்தை விட்ட கணத்தில் அவருக்கும் விமானத்தின் முன்னோக்கிய வேகம் இருக்கிறது. காற்று அதை உறிஞ்ச உறிஞ்ச அவர் பின்தங்குகிறார், அதே நேரத்தில் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. முதல் நொடியிலேயே இந்த இரண்டின் விகிதம் அமைந்துவிடுகிறது. தொடக்கத்தில் அவர் அடிவானத்துக்குக் கீழே சுமார் 56 டிகிரியில் தெரிவார். முன்னோக்கிய வேகம் முழுவதும் போன பிறகு சுமார் 51 டிகிரி. நடுவே மாறுவது ஐந்தே டிகிரி. தலைகீழாக விழும் ஃப்ரீஃப்ளை ஆட்கள் இன்னும் வேகம், ஆகவே அவர்கள் தெரியும் கோணம் இன்னும் செங்குத்து. ஆக 45 டிகிரிக்காகக் காத்திருப்பவர் வராத ஒன்றுக்காகக் காத்திருக்கிறார். கடைசியில் கண்மதிப்பில் ‘போதும்’ என்று தோன்றியதும் குதித்துவிடுகிறார். பெரும்பாலான நாட்களில் விபத்து நடக்காததால் விதி சரி என்ற நம்பிக்கை வேரூன்றிவிடுகிறது.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்றும் உண்டு. காவிரியில் இரண்டு பரிசல்கள் மிதந்து போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து மற்றதைப் பார்த்தால் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று தெரியுமா? தெரியாது. கரையைப் பார்த்தால்தான் தெரியும். விமானமும் விழுகிறவரும் ஒரே காற்றுக்குள் இருக்கும் இரண்டு பரிசல்கள். எதிர்க்காற்று 10 நாட் அடித்தாலும் 60 நாட் அடித்தாலும் விழுகிறவர் அதே கோணத்தில்தான் தெரிவார். ஆனால் நீங்கள் காத்திருக்க வேண்டிய நேரம் அந்த இரண்டு நாளுக்கும் இரண்டு மடங்கு வித்தியாசப்படும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஒரே வேகத்தில் விழும் இரண்டு குழுக்களை எடுத்துக்கொள்வோம். விழும் வழியில் காற்று முதல் குழுவை எவ்வளவு தள்ளுகிறதோ, இரண்டாவது குழுவையும் அவ்வளவுதான் தள்ளும். ஆகவே நடுவழிக் காற்று கணக்கிலிருந்து தானாகவே கழிந்துபோகிறது. மீதி இருப்பவை இரண்டு எண்கள். ஒன்று, விமானம் தரையைக் கடக்கும் வேகம், அதாவது கிரவுண்ட் ஸ்பீட். மற்றது, பாராசூட் திறக்கும் உயரத்தில், சுமார் 3,000 அடியில் வீசும் காற்று. முதலில் திறந்தவர்கள் அந்தக் காற்றில்தான் மிதந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களை அது உங்கள் பக்கமாகத் தள்ளுகிறதா, அப்பால் தள்ளுகிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு உதாரணம். 13,000 அடியில் காற்று மெலிந்திருப்பதால், வேகமானி 85 காட்டும்போது விமானம் காற்றில் உண்மையில் 104 நாட் போய்க்கொண்டிருக்கும். மேலே மேற்கிலிருந்து 30 நாட் காற்று. விமானம் மேற்கு நோக்கி, காற்றை எதிர்த்துப் போகிறது. கிரவுண்ட் ஸ்பீட் 74 நாட். திறக்கும் உயரத்திலும் மேற்கிலிருந்தே 15 நாட் வீசினால், முதல் குழு உங்களிடமிருந்து விலகிப் போகிறது. குழுக்கள் பிரியும் வேகம் 74 கூட்டல் 15, மொத்தம் 89 நாட். கீழே காற்று திரும்பி, கிழக்கிலிருந்து 15 நாட் வீசினால்? முதல் குழு உங்களை நோக்கி மிதந்து வருகிறது. 74 கழித்தல் 15, வெறும் 59. விமானம் அதே, மேலே காற்று அதே, கதவிலிருந்து தெரியும் காட்சியும் அதே. காத்திருக்க வேண்டிய நேரம் மட்டும் ஒன்றரை மடங்கு.

மேலிருந்து கீழ்வரை ஒரே திசையில் ஒரே வேகத்தில் காற்று வீசினால் பிரச்சினையே இல்லை. கழித்த காற்றையே திரும்பக் கூட்டுகிறோம், 104 முழுதாகக் கிடைத்துவிடும். ஆபத்தான நாள் வேறு. மேலே பலத்த காற்று, தரையில் இலைகூட அசையாத நாள். அரிசோனாவின் எலோய் போன்ற பாலைவன டிராப் ஸோன்களில் குளிர்காலத்தில் இப்படி அமைவதுண்டு. கீழே நிற்பவருக்கு அருமையான வானிலை. 13,000 அடியிலோ 60 நாட். கிரவுண்ட் ஸ்பீட் 44. வழக்கமான எண்ணிக்கையில் குதித்தால் வழக்கமான இடைவெளியில் பாதிதான் கிடைக்கும்.

இனி நொடிகள். தனியாகக் குதிப்பவர்களுக்கு நடுவே குறைந்தது 1,000 அடி, குழுக்களுக்கு நடுவே 1,500 அடி என்பது அமெரிக்காவில் பரவலாக வைத்திருக்கும் அளவு. எட்டு, பத்துப் பேர் சேர்ந்த பெரிய குழு என்றால் அதற்கும் மேல். ஒரு நாட் என்பது நொடிக்கு 1.69 அடி. இதை வைத்து மனக்கணக்காகவே போட்டுவிடலாம்: 1,000 அடி வேண்டுமானால் 600-ஐ நாட் வேகத்தால் வகுங்கள். 1,500 அடி வேண்டுமானால் 900-ஐ வகுங்கள். வருவது நொடி.

80 நாட் என்றால் தனி ஆட்களுக்கு 8 நொடி, குழுக்களுக்கு 12. 60 நாட் என்றால் 10, 15. 50 நாட் என்றால் 12, 18. 40 நாட் என்றால் 15, 23. பின்னம் வந்தால் எப்போதும் மேல்பக்கமாகத்தான் முழுமையாக்க வேண்டும்.

வகுக்க வேண்டிய வேகம் எது? கீழே காற்று மேலே உள்ள அதே பக்கத்திலிருந்து வந்தால், அதைக் கூட்டாமல் கிரவுண்ட் ஸ்பீடை மட்டும் வைத்து வகுப்பதே நல்லது. கொஞ்சம் அதிகம் காத்திருப்பீர்கள், அது உபரிப் பாதுகாப்பு. கீழே காற்று எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தால் மட்டும் கட்டாயம் கழித்துக்கொள்ளுங்கள். காற்று விமானத்தின் பாதைக்குக் குறுக்காகச் சாய்ந்து வந்தால், பாதையோடு ஒத்துப்போகும் பங்கு மட்டுமே கணக்கில் சேரும்.

கிரவுண்ட் ஸ்பீட் விமானியின் ஜிபிஎஸ்ஸில் எண்ணாகவே இருக்கிறது, கேட்டால் சொல்வார். அன்றைய முதல் லோடு (ஒரே விமானத்தில் போகும் கூட்டம்) இறங்கியதும் அந்த எண்ணை ஏறும் இடத்தில் பலகையில் எழுதி வைக்கும் பழக்கம் மிக நல்லது. விமானம் ஏறுவதற்கு முன்பே உத்தேசமாகத் தெரிந்துகொள்ள, அமெரிக்க வானிலைத் துறையின் உயரக் காற்று முன்னறிவிப்பு இருக்கிறது. 3,000, 6,000, 9,000, 12,000 அடி என்று ஒவ்வொரு உயரத்துக்கும் ஓர் எண் கோவை வரும். 12,000 அடி என்ற தலைப்பின் கீழ் 2735-05 என்று இருந்தால், முதல் இரண்டு இலக்கம் திசை, பக்கத்தில் ஒரு பூஜ்யம் சேர்த்து 270 டிகிரி, அதாவது மேற்கு. அடுத்த இரண்டு வேகம், 35 நாட். கடைசியில் வெப்பநிலை, பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி செல்சியஸ். 9900 என்று இருந்தால் காற்று லேசு, திசை நிலையில்லை என்று பொருள். இதில் 12,000 அடி எண்ணையும் 3,000 அடி எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். திசைகள் எதிரெதிராக இருந்தால் அன்று விமானம் ஏறுமுன் எல்லாக் குழுக்களிடமும் சொல்லிவிட வேண்டும்.

எண் தெரிந்தாகிவிட்டது. அதைச் செயலில் கொண்டுவரும் இடத்தில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. நொடி எண்ணத் தொடங்குவது முன்குழு விமானத்தை விட்ட கணத்திலிருந்து. முடிவது நீங்கள் விடும் கணத்தில். கதவுக்கு வெளியே ஏறிப் பிடித்து நிற்கும் நேரமும் இதற்குள் அடக்கம். நான்கு பேர் வெளியே ஏறி, பிடி பார்த்து, தலையசைத்து விட ஐந்து முதல் பத்து நொடி பிடிக்கும். பத்து நொடி முழுதாக எண்ணிவிட்டுப் பிறகு ஏறத் தொடங்கினால் இருபது நொடிவரை ஆகும். உங்களுக்கு அதில் ஆபத்து இல்லை, கடைசியில் இருப்பவர்கள் எங்கேயோ போய் விழுவார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு எல்லோரும் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று கத்தத் தொடங்குவார்கள். அங்கேதான் அடுத்த தப்பு: முன்குழு போனதுமே ஏறி நின்று, தயாரானதும் விட்டுவிடுவது. அனுபவமுள்ள ஜோடி மூன்றே நொடியில் தயாராகிவிடும்.

சரியான முறை, உங்கள் குழு ஏறி நிற்க ஆகும் நேரத்தைத் தரையிலேயே மாதிரிக் கதவில் பயிற்சி செய்யும்போது அளந்து வைப்பது. தேவை 15 நொடி, ஏற ஆறு நொடி என்றால், முன்குழு போனதும் எட்டு வரை உள்ளே நின்று எண்ணி, பிறகு ஏறி, வெளியே நின்றபடி பதினைந்தை எட்டிய பிறகு விடுவது. எண்ணுவது ஒருவர், யார் என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும். ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று வாய்விட்டு எண்ணுங்கள். மனசுக்குள் எண்ணினால் கதவருகே இருக்கும் பரபரப்பில் பத்து என்பது ஆறு நொடியில் முடிந்துவிடும். கையில் நொடி காட்டும் கடிகாரம் கட்டியிருந்தால் இன்னும் நல்லது.

எண்ணத் தொடங்கும் முன் கதவருகே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு முழங்காலை ஊன்றி, கதவின் விளிம்பைப் பிடித்து, தலையை முழுவதும் வெளியே நீட்டிக் கீழே பாருங்கள். வேறு விமானம், மேகம், ஏற்கனவே திறந்த பாராசூட், மூன்றையும் தேட வேண்டும். நேர் கீழே எது என்று கண்டுபிடிக்க விமானத்தின் தரையை நம்பாதீர்கள், அது மூக்குத் தூக்கியோ சாய்ந்தோ இருக்கும். முன்னால் இருக்கும் அடிவானத்தையும் பின்னால் இருக்கும் அடிவானத்தையும் பார்த்து நடுப்புள்ளியைப் பிடியுங்கள். பிறகு பக்கவாட்டு அடிவானத்திலிருந்து நேர் கீழே இறங்குங்கள். இரண்டும் சந்திக்கும் இடம்தான் நேர் கீழ். அரிசோனா மாதிரி இடங்களில் வயல்களுக்கு நடுவே ஒரு மைலுக்கு ஒரு சாலை சதுரங்கக் கட்டம்போல் ஓடுகிறது. கால் மைல் என்பது 1,320 அடி. அந்தக் கால் மைலை விமானம் கடப்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தால், விமானியின் எண்ணுக்கு அது நல்ல சரிபார்ப்பு. ஓடுபாதையின் நீளம் தெரிந்திருந்தால் அதுவும் அளவுகோல்தான்.

1,500 அடி அதிகம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது எப்படிச் செலவாகிறது என்று பாருங்கள். நான்கு பேர் குழு பிரியும்போது ஒவ்வொருவரும் வெளிப்பக்கமாக 300 முதல் 500 அடி விரைந்து விலகுவார்கள். முன்குழுவில் ஒருவர் உங்கள் பக்கமாகவும் உங்கள் குழுவில் ஒருவர் அவர் பக்கமாகவும் விலகினால் 1,000 அடி போய்விட்டது. மீதி 500. இருவரின் பாராசூட்டும் ஒன்றையொன்று நோக்கித் திறந்தால், ஒவ்வொன்றும் மணிக்கு 25 மைல் போனால்கூட, நெருங்கும் வேகம் நொடிக்கு 70 அடிக்கு மேல். கையில் இருப்பது ஏழு நொடி. அதில் ஒருவருக்குக் கயிறு முறுக்கியிருந்தால் அவரால் திருப்பவே முடியாது. இந்த 1,500 அடியில் வீணாகும் அடி ஒன்றுகூட இல்லை.

இதுவரை பார்த்தது ஒரே வேகத்தில் விழுபவர்களுக்கு. வெவ்வேறு வேகம் என்றால் வரிசை முக்கியமாகிறது. குப்புற விழும் பெல்லி குழுக்கள் முதலில், அவற்றில் பெரியது முன்னே சிறியது பின்னே. பிறகு ஃப்ரீஃப்ளை, அதிலும் பெரியது முன்னே. பிறகு 5,500 அடி அளவிலேயே திறக்கும் மாணவர்களும், பயிற்றுநரோடு பிணைத்துக் குதிக்கும் டேண்டம்களும். இறக்கைபோல் விரியும் உடை அணிந்த விங்சூட் ஆட்கள் கடைசியில். வேகமாக விழுபவர்களை முதலில் அனுப்பினால் மேலே இருப்பவர்கள் அவர்களை எட்ட மாட்டார்களே என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் கணக்கில் இருக்கிறது.

சராசரி 40 நாட் காற்று. பெல்லி ஆள் 60 நொடி விழுகிறார், காற்று அவரைப் பின்னால் சுமார் 4,050 அடி தள்ளுகிறது. ஃப்ரீஃப்ளை ஆள் 45 நொடி, சுமார் 3,040 அடி. ஃப்ரீஃப்ளை முதலில் குதித்து, 1,000 அடி தள்ளி பெல்லி குதித்தால், பெல்லி குழு பின்னால் தள்ளப்பட்டு வந்து திறப்பது ஃப்ரீஃப்ளை திறந்த அதே இடத்துக்கு மேலே. அந்த 1,000 அடி முழுவதும் கரைந்துவிடுகிறது. கீழே காற்று இல்லாத நாளில், திறந்து அரை நிமிடம்கூட ஆகாத பாராசூட்கள் அங்கேயே இருக்கும். வரிசையை மாற்றி பெல்லி முதலில் போனால் அதே காற்று இடைவெளியை 2,000 அடியாக்கித் தருகிறது. விமானம் காற்றை எதிர்த்துப் போகும்போது மட்டும்தான் இந்த உதவி. காற்றுக்குக் குறுக்காகப் பறந்தால் தள்ளல் பக்கவாட்டில் போய்விடும், இடைவெளி முழுக்க எண்ணிக்கையின் பொறுப்பு. காற்றோடு சேர்ந்து பறந்தால் எல்லாமே தலைகீழ், அந்த வரிசையை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் அதைக் கெடுக்க ஒருவர் போதும். உட்கார்ந்த நிலையில் விழக் கற்றுக்கொள்பவர்கள் தங்களுக்கே தெரியாமல் முன்னாலோ பின்னாலோ வழுக்கிக்கொண்டு போவார்கள். விமானம் போன கோட்டின் திசையிலேயே முகம் வைத்திருந்தால் வழுக்கல் நேராக அடுத்த குழுவுக்குக் கீழே கொண்டுபோய் விடும். கோட்டுக்குக் குறுக்காக, 90 டிகிரி திரும்பி இருக்க வேண்டும். வழுக்கினாலும் காலியான வானத்துக்குள் போகும். ட்ராக்கிங் குழுக்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நீண்ட தூரம் கிடையாகப் பாய்வதே அவர்களுடைய நோக்கம். முதலில் குறுக்கே விலகிய பிறகுதான் திரும்ப வேண்டும், எந்தப் பக்கம் என்பதை விமானியிடமும் மற்றக் குழுக்களிடமும் ஏறுமுன் சொல்லியிருக்க வேண்டும். ஒரே லோடில் இரண்டு ட்ராக்கிங் குழுக்கள் இருந்தால் ஒன்று இடம், ஒன்று வலம்.

பாராசூட் திறந்த பிறகும் வேலை முடியவில்லை. முதலில் உங்கள் குழுவினரை எண்ணிப் பாருங்கள். பிறகு விமானம் போன கோட்டுக்குக் குறுக்காகத் திருப்பி, அடுத்த குழு திறப்பதைக் கண்ணால் காணும்வரை அப்படியே போங்கள். இறங்கும் இடம் அந்தக் கோட்டின் மேலேயே இருந்தாலும் உடனே அங்கே திருப்பாதீர்கள். நொடிக்கு 40 அடி போகும் பாராசூட் பத்து நொடியில் 400 அடி தின்றுவிடும். விமானத்தில் அவ்வளவு பொறுமையாக எண்ணிச் சேர்த்த இடைவெளி அது.

பொறுமையாக எண்ணினால் கடைசி ஆட்கள் தூரப்போய்விடுவார்களே என்பதும் உண்மை. ஏழு குழுக்கள், ஆறு இடைவெளி, ஒவ்வொன்றும் 15 நொடி, கிரவுண்ட் ஸ்பீட் 60 என்றால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே 9,000 அடி, ஒன்றரை மைலுக்கும் மேல். இதை நொடியைக் குறைத்துச் சரிசெய்யக் கூடாது. பச்சை விளக்கைச் சற்று முன்னதாகப் போடச் சொல்லலாம். அதுவும் போதாவிட்டால் இரண்டு சுற்று என்று விமானியிடம் ஏறுமுன்பே பேசி வைக்கலாம். அப்படிப் பேசி வைக்காத லோடிலும், உங்கள் முறை வரும்போது கீழே இறங்கும் இடம் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்தால், கதவில் நிற்பவர் கையை விரித்துப் பின்னால் இருப்பவர்களைத் தடுக்கலாம், விமானியைப் பார்த்து விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டலாம். எல்லோரும் கதவிலிருந்து விலகி, பாராசூட்டைத் திறக்கும் கைப்பிடிகளைக் கையால் மூடி உட்கார வேண்டும். விமானி மறுபடி சுற்றி வருவார். சில நிமிடமும் கொஞ்சம் எரிபொருளும் செலவாகும். பின்னால் இருந்து யாராவது முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.